எருக்கிலையும் எட்டு ரவுண்டும்

12-1-1996, வெள்ளி

ரெண்டு வருசம் குதிகால் வலியில் நொண்டிய நான் இன்று காலையில் ஓடிவிட்டேன். பள்ளிக்கூட மைதானத்தை எட்டு ரவுண்டு. சின்ன வயசுக்காரர்கள் மூன்று பேரை முந்தினேன். அதில் ஒருத்தன் நின்று லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். இருந்தாலும் முந்தினது முந்தினதுதான்.

ஊட்டுக்கு வந்து சம்சாரம் சரசுவிடம் சொன்னேன்.

"எட்டுங்களா? நான் பால் வாங்கப் போறப்பத்தான் ஓட ஆரம்பிச்சீங்க. திரும்பி வாரப்ப வேப்பமரத்தடியில உக்காந்திருந்தீங்க. ரெண்டு இருக்குமுங்களா?"

"மீதி ஆறும் ஓடின வேகத்துல உன் கண்ணுக்குத் தெரியலை அம்மணி."

சிரித்துவிட்டாள். "ரெண்டோ எட்டோ, ஓடிப்போட்டீங்க. அது போதுமுங்க."

சாயங்காலம் வழக்கம்போல் செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்கிலையைப் போட்டு, மிதிக்கச் சொல்லி என் நாற்காலிக்குக் கீழே வைத்தாள். "இனி இது எதுக்கு? காலு இரும்பாட்டம் இருக்குது" என்றேன்.

"அப்ப எடுத்துப்போடறனுங்க" என்று குனிந்தாள்.

சூடு வீணாகப் போகக் கூடாதே என்று குதிகாலை வைத்தேன். வலிக்காக இல்லை.

நாளைக்குப் பத்து ரவுண்டு. அவள் பால் வாங்கக் கிளம்பும் முன்னாலேயே ஓடி முடித்துவிட வேண்டும்.