ஆரியா, மெள்ள

மாமு,

இன்று டிரம் உறையை உதறியபோது அந்தக் குச்சி உருண்டு வந்து காலடியில் நின்றது. நுனியில் உன் மஃப்ளரிலிருந்து கிழித்துச் சுற்றிய பச்சைத் துணி. தொண்டைக்கு நீ தடவிய தைலத்தின் வாடை இன்னும் போகவில்லை.

ராயபுரத்தில் என்னைப்போல் தாளம் பிசகாத டிரம்காரன் அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. அந்தத் திமிரோடுதான் உன் தாலாட்டுக்கு வாசிக்க வந்தேன். ஆர்மோனியத்தை மட்டும் வைத்து நீ பாடிப் பதிந்த பாட்டு அது. மறுமாதமே தொண்டையில் கட்டி. இனி பாடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். பதிவுக்காரர் கறாராகச் சொன்னார்: “தாளம் நிக்கல. டிரம் சேந்து ஒக்காந்தா கிராமபோன் பிளேட் போடலாம். இல்லன்னா அழிச்சிடுவேன்.” உன் குரலுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

ஒரு மெஷினில் உன் பாட்டு ஓடும். கூடவே நான் வாசிப்பேன். இரண்டையும் இன்னொரு மெஷின் சேர்த்துப் பிடிக்கும். மூன்று முறை வாசித்தேன். மூன்று முறையும் இரண்டாம் அடியில் நீ பின்தங்கினாய், நான் தனியாக முன்னே போய் நின்றேன்.

“மெஷினு தளந்துகினு போவுது மாமு,” என்று கரகரத்தாய்.

யாருக்குக் காது குத்துகிறாய்? மெஷின் தளர்ந்தால் சுருதியும் இறங்கும். சுருதி அசையவேயில்லை. தளர்ந்தது நீதான்.

“அந்த எடத்துல இன்னாடா பண்ணே?” என்று கத்தினேன்.

“கொயந்தைய தொட்டில்ல போடற வரி மாமு அது. டொப்புனு போட முடியுமா?”

அப்போதுதான் உறைத்தது. துறைமுகத்தில் பத்து வருஷம் கிரேன் ஓட்டியவன் நீ. சரக்கு தரையை நெருங்கும்போது கீழே நிற்பவன் உள்ளங்கையைத் தாழ்த்தி “ஆரியா” என்பான், இறக்கு என்று. நீ பூப்போல இறக்குவாய். குழந்தையையும் அப்படித்தான் இறக்கியிருக்கிறாய். நான் கடிகாரத்துக்கு வாசித்தது தப்பு. ஒத்துக்கொள்கிறேன், இந்த ஒரு தடவை மட்டும்.

உன்னை என் எதிரே நிறுத்தினேன். “கொயந்த முய்ச்சிக்கும்” என்று நீயே மஃப்ளரைக் கிழித்துக் குச்சியில் சுற்றினாய். அந்த வரி வந்ததும் உள்ளங்கையைத் தாழ்த்தினாய். நான் கையைத் தளர்த்தினேன். டிரம்மும் குரலும் ஒன்றாகத் தரை தொட்டன. பிளேட் வந்தது. திருவொற்றியூரில் ஒரு தொட்டில் போடும் வீட்டில் ஒலிபெருக்கி உன்னைப் பாடியபோது வெட்கப்பட்டுத் தெருமுனைக்கு ஓடிவிட்டாய்.

அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டாய். கல்லறைத் தோட்டம் வரை எங்கள் பேண்டில் நான்தான் டிரம் அடித்து வந்தேன், ஒரு அடி பிசகவில்லை. பெட்டியைக் கயிற்றில் இறக்கத் தொடங்கினார்கள். துறைமுகத்தில் உனக்குக் கை காட்டும் கூட்டாளி குழியோரம் நின்றிருந்தான். உள்ளங்கையைத் தாழ்த்தி, “ஆரியா… மெள்ள” என்றான். துணி சுற்றிய குச்சியை எடுத்துத் தாளத்தைத் தளர்த்தினேன். கயிறு பிடித்தவர்களின் கைகளும் தளர்ந்தன. பெட்டி சத்தமில்லாமல் மண்ணைத் தொட்டது.

இப்போதும் யார் தாலாட்டுக்கு வாசித்தாலும் அந்த இடத்தில் என் கை தானாக இறங்குகிறது. அன்று கல்லறையில் நான் தாளம் விட்டுவிட்டதாக எங்கள் பேண்டு மாஸ்டர் இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார். விட்டேன்தான் மாமு. உன்னை டொப்பென்று போட முடியுமா?