வெங்காயச் சாக்கு விரிப்பு

மார்ச் 8, ஞாயிறு

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. வைட்ஃபீல்டுக்கு அப்பால், சுற்றுலா வருபவர்கள் வண்டியிலேயே தங்கும் கேரவன் முகாம் ஒன்றை மகள் நடத்துகிறாள். அங்கே வண்டியோடு சேர்த்துக் கட்டும் பந்தலுக்கு அடியில் தார்ப்பாய் விரித்து விரித்துப் புல் செத்துப்போகிறது. அதனால் நாளை சிமெண்ட் கல் பதிக்க ஆள் சொல்லியிருந்தாள்.

பிளாஸ்திரி ஒட்டிய விரல் வெளுப்பதைப் போலத்தான் இதுவும்; புல்லுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்றேன். வியாழனன்று ஒரு பந்தலின் கீழே பாதி இடத்தில் தார்ப்பாயை விரித்தேன்; மீதியில் வலைபோன்ற வெங்காயச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்து விரித்தேன்.

"ரிட்டயர் ஆகியும் லேப் கிளாஸ விடலையாப்பா?" என்று மகள் சிரித்தாள்.

இன்று மாலை இரண்டையும் தூக்கினோம். தார்ப்பாய்ப் பக்கம் வைக்கோல் நிறம். சாக்குப் பக்கம் கொஞ்சம் படுத்திருந்தாலும் பச்சைப்பசேல்! மகள் முட்டிபோட்டுத் தடவிப் பார்த்தாள். உடனே மேஸ்திரிக்குப் போன் போட்டு, "அண்ணா, கல்லு பேடா," என்று கன்னடத்தில் வேண்டாமென்றுவிட்டாள்.

இன்னும் ஒன்பது பந்தல்கள் இருக்கின்றன. கோணி ஊசியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன்.