தரமணிக் காட்டுக் களாக்காய்

அக்கா,

இன்று காலை மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு தள்ளுவண்டியில் களாக்காய் குவித்திருந்தது. பச்சையில் பாதி சிவப்பு ஏறின காய். ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். வெள்ளைப் பால் கசிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. "ஊறுகாய்க்காம்மா?" என்றார் வண்டிக்காரர். காயைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்தேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது.

தியாகராய நகர் வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். திருநெல்வேலியிலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்த குடும்பம். ஆண்கள் கடைக்குக் கிளம்பிவிட்டால் வீட்டில் அத்தையும் நாம் இருவரும்தான். உங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. எனக்கோ ஒன்றரை வருஷத்திலேயே நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் முகத்துக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"களாக்காய் கிடைச்சா உப்புத் தொட்டுத் தின்னலாம்போல இருக்குக்கா" என்று மட்டும் ஒருநாள் உளறிவிட்டேன். நீங்கள் என்னை உற்றுப் பார்த்தீர்கள்.

எழுபதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம் அது. கடைத்தெருவில் காய்கறியே வதங்கித்தான் வந்தது. வாசலுக்கு வரும் பூக்காரம்மாவிடம் விசாரித்தீர்கள். "தரமணி பக்கம் முள்ளுக்காட்ல கொத்துக்கொத்தா கீதும்மா. அதுக்கு இன்னா, தண்ணியா வேணும்? பக்கத்து மரத்து மேல ஏறிக்கினு அது பாட்டுக்குக் காய்க்குது" என்றாள். மறுநாள் கோயிலுக்கென்று சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறிவிட்டீர்கள். தனியாக முக்குக் கடைக்குக்கூடப் போகாதவர் நீங்கள்.

மத்தியானம் திரும்பியபோது முழங்கை வரை முள் கீறல். முந்தானை முடிச்சில் களாக்காய். அத்தை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"கோயில்லயா இதைக் குடுத்தாவ? யாருக்குளா இது?"

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத்தான் அத்தை. புளிப்பா எதாவது தின்னணும்போல இருந்துச்சு."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். அதை அத்தை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அந்த நேரத்தில் உங்களுக்குத் தோன்றவில்லை. அவர் எழுந்து வந்து உங்கள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். "எந் தாயே, நெசமாவா?" அவர் கண் நிறைந்துவிட்டது. நீங்கள் இல்லையென்று சொல்ல வாயெடுத்தீர்கள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டீர்கள்.

"இல்ல அத்தை, எனக்குத்தான். நாந்தான் அக்காகிட்ட கேட்டேன்" என்றேன்.

அத்தையின் கைகள் உங்கள் கன்னத்தை விட்டு இறங்கின. என்னை நோக்கி வந்தன. வரும் வழியில் எங்கே போவதென்று தெரியாமல் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். "மொதல்ல காயைக் கழுவுளா. பாலோட தின்னா தொண்டையில ஒட்டும்." சொன்னவர் என் கையில் கொடுக்காமல் நீங்களே கொல்லைக்கு எடுத்துப் போனீர்கள். ஒரு கைப்பிடிக் காயைக் கழுவிவர வெகுநேரம் ஆயிற்று.

மகள் பிறந்ததும் நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அத்தை கை நீட்டவில்லை. "மூத்தவ வாங்கட்டும்" என்றார்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்த வாரம், நாம் இருவரும் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு நான் அப்படிப் பட்டுனு சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன்.

"நீ சொல்லலன்னா நான் அதிலருந்து எப்படி வெளிய வந்திருப்பேன்?" என்றீர்கள். இன்னும் இரண்டு தட்டு துடைத்த பிறகு, "ஆனா அத்தை கை என்ன சூடு தெரியுமாளா. அதுக்கு முன்னாடி அவுக என்னை அப்படித் தொட்டதே இல்ல" என்றீர்கள்.

நீங்கள் அடுத்த தட்டை என்னிடம் நீட்டினீர்கள்.

இப்போதும் வளைகாப்புக்குக் கூப்பிட்டால் போகிறேன். வளையல் போட்டுவிட்டு, கூட்டத்தில் யார் ஓரமாக நிற்கிறாள் என்று பார்க்கிறேன். பிறகு அவள் பக்கத்தில் போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.