சன்னலைத் திறந்துவைத்து அளந்த எண்

ஆனி, வியாழன்.

சித்திரை வெயிலில் நான் மூன்று வாரம் அளந்ததெல்லாம் தவறு என்று சொல்லி, துறைத் தலைவர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார். எம்.எஸ்ஸி.யில் என்னோடு படித்து, என் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர். நான் அளந்த அதே பாலிமர் படிகப் படலத்தை இப்போது அவர் அளந்தாராம், ஒளிவிலகல் எண் குறைந்ததாம். குறையாதா? குற்றாலச் சாரல் காற்று முகத்தில் பட வேண்டுமென்று ஆய்வகச் சன்னலைத் திறந்துவைத்து அளந்திருக்கிறார். அந்தப் படலம் ஈரத்தைக் குடித்து உப்பிவிடும்.

பெயரை எடுத்த அன்றே இதைச் சொன்னேன். "ஊரே சாரல் வாங்க வருது வே. உம்ம படலம் கொஞ்சம் வாங்கினா கரைஞ்சா போவும்?" என்று எல்லார் முன்னும் சிரித்தார்.

நேற்று முழுக்கப் படலத்தை சிலிகா ஜெல் போட்ட கண்ணாடிச் சாடியில் மூடி உலர்த்தினேன். இன்று சன்னலைச் சாத்திவிட்டு அவர் கண்ணெதிரே அளந்தேன். என் சித்திரை எண்ணே வந்தது. ஒளியை உறிஞ்சும் அளவைக் காட்டும் கோடும் பழைய கோட்டின் மேல் அப்படியே படிந்தது.

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன்.

"நல்லதாப் போச்சு வே. ஈரம் பட்டா எண் மாறுதுன்னு இன்னொரு கட்டுரை போட்டுருவோம். ஈரத்துல அளந்தது நான்லா, எம் பேரு முதல்ல இருக்கட்டும்."

"பழைய கட்டுரையில எம் பேரு?"

"அதை இதழுக்கு அனுப்பியாச்சே, விடும்."

அந்த ஈர எண்ணோடுதான் அனுப்பியிருக்கிறார். "அதைத் திரும்ப வாங்கும் வே" என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதில்தான் என் பெயர் இல்லையே.