சுண்ணாம்பு பூசிய ஓடுகள்

எண்ணூர்,
12.3.1976

ஆலிஸ் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரியில் இருமல் குறைந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் ஆலிஸ் இரண்டு தரம் படிக்கச் சொன்னாள்.

நான் முகத்துவாரத்தில், கறிக்கு விற்கிற சிப்பி வளர்க்கக் கற்றுக்கொள்கிறேன். மீன்துறை அதிகாரி முதலில், "உன் வீட்டுக்காரர் வரட்டும்மா" என்றார். "அவரு வர்றதுக்குள்ள நான் கத்துக்கினு அவருக்குச் சொல்லித் தரேன் சார்" என்றேன். கூரை ஓட்டில் சுண்ணாம்பு பூசி, கம்புகளில் கட்டி உப்புத் தண்ணீரில் இறக்க வேண்டும். சிப்பிக் குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆவணியில் கட்டிய ஓடுகளில் ஒட்டியதெல்லாம் ஐப்பசி மழையில் செத்துப்போயிற்று. ஆற்று வெள்ளம் புகுந்தால் உப்பு குறைந்துவிடுமாம். ஓடுகளைக் கழுவிக்கொண்டே அழுதேன். தை பிறந்ததும் மறுபடி பூசிக் கட்டினேன். நேற்று தூக்கிப் பார்த்தால் ஓடு முழுக்க நகத்தளவு குஞ்சுகள், சுரண்டினாலும் விடவில்லை.

டாக்டர் என்னிடம் தனியாக என்ன சொன்னார் என்று கேட்டிருந்தீர்கள். நேரில் பேசிக்கொள்ளலாம். கட்டுமரத்தை உங்கள் தம்பி எடுத்துக்கொண்டு போய்வருகிறார். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நான் ஓடு கட்டியிருக்கும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். அலை கிடையாது. துடுப்பு வலிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு மூச்சு வாங்காது.

உங்கள் வீட்டுக்காரி