பன்னிரண்டு மீற்றர் வீடு

மார்ச் 8, சனி

காலையில் வெயில், பிறகு தூறல். பஸ் கூரையில் மறுபடியும் ஒழுக்கு, சமையல் மேடைக்கு மேலே. சட்டி வைத்தாயிற்று.

இவர் இன்று விழுந்தார். அடி பெரிதாக இல்லை. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வழியில், இரண்டு அலுமாரிக்கும் நடுவே அந்த ஒடுங்கல். கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டதாம். பார்க்கின்சன் வியாதியில் அப்படி வருமென்று தாதி முன்பே சொல்லியிருந்தார். தூக்கப் போனால் பக்கத்தில் நிற்க இடமில்லை. பின்கதவால் குதித்து, மழைக்குள் சுற்றி ஓடி, முன்கதவால் ஏறி, தலைப்பக்கமாகப் பிடித்துத் தூக்கினேன். இரண்டு பேரும் ஈரம்.

பஸ்ஸைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வருடக்கணக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இதில்தான் ஏற்றி இறக்கினார். கம்பனி கழித்தபோது தானே வாங்கினார். சீற்றுகளைக் கழற்றி, பலகை அடித்து, வீடாக்கினார். வாடகை வீட்டை விட்டு வந்து ஆறு வருடம். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, கோர்ன்வோல். எனக்கு லீவு கிடைத்தால் புறப்பாடு. முடிந்ததும் திரும்பவும் குரோய்டன், நாதன் அண்ணையின் கராஜ் முற்றம், அவருடைய தண்ணீர்க் குழாய், அவருடைய கரண்ட்.

ஜனவரிக்குப் பிறகு பஸ் அசையவில்லை. இனி ஓட்டக் கூடாது என்றானதும் லைசன்ஸைத் தானே கவரில் போட்டு, தானே முத்திரை ஒட்டித் திருப்பி அனுப்பினார். சில்லைச் சுற்றிப் புல் வந்துவிட்டது.

பின்னேரம் வெம்பிளி மச்சாள் போன். இவருடைய ஒரே தங்கை. "அண்ணி, லிஃப்ற் இருக்கிற பிளாற்றாப் பாத்து எடுங்கோ. இன்னும் எவ்வளவு காலத்துக்கு உந்தத் தகரத்துக்குள்ளை?" ஸ்பீக்கரில் இருந்தது. இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி. காலை முழுக்க என் வேலை, நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்தல். ஒரு கிழவருக்கு நரம்பு அகப்படவே இல்லை. "டேக் யுவர் டைம், லவ்" என்றார். ட்ராமில் வரும்போது அவர் குரல் காதில். எத்தனை நாளாயிற்று ஒரு ஆண் குரல் என்னிடம் ஒரு முழு வசனம் பேசி.

இதை எழுதி வைக்க வேண்டும். இவர் ஓட்டும்போது மட்டும்தான் கதைப்பார். மேசையில் எதிரெதிரே இருந்தால் "உப்புக் காணும்", "ஓம்", அவ்வளவுதான். ஸ்ரியரிங்கைப் பிடித்தால் வேறு மனிதர். ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தது. உறைந்த குளத்தில் நடக்கப் போய் ஒற்றைச் சப்பாத்தைப் பறிகொடுத்தது. தகப்பனோடு கோபித்து வருடக்கணக்கில் பேசாமல் இருந்தது. எனக்குப் பிள்ளை தங்காமல் போன அன்று ஆஸ்பத்திரிக் கார்ப் பார்க்கில் நின்று அழுதது. எல்லாம் ரோட்டில் கேட்டவை. இரண்டு கண்ணும் ரோட்டில், வாய் தன்பாட்டில். நான் பக்கத்தில் தோடம்பழம் உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொடுத்துக்கொண்டு.

பஸ் நின்றது, கதையும் நின்றது.

ஆட்கள் நினைக்கிறார்கள் எனக்கு ஊர் சுற்றுகிற ஆசை என்று. வேல்ஸ் எனக்கு வேண்டாம். அந்தக் குரல் வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

குளிர், நல்ல வெளிச்சம். நாதன் அண்ணையின் காரில் கென்ற். பஸ்ஸுக்குப் பதிலாக ஒரு கோச் பார்த்தோம்.

உல்லாசப் பயணிகளை ஏற்றித் திரிந்த கோச். பன்னிரண்டு மீற்றர். விற்கிறவர் ஒரு வெள்ளைக்கார அம்மா, கணவரோடு இதிலேயே இருந்தவர், இப்போது தனி, மகனிடம் போகிறார். பொத்தானை அமத்தினால் கதவுப் பக்கம் தானாகவே தாழ்கிறது. உள்ளே நடுவழியில் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். நடந்து பார்த்தோம், நானும் இவரும், கை கோத்து, கல்யாண மண்டபத்தில் நடந்ததுபோல. கட்டில் பதிவு, ஏற இறங்கச் சுகம். குளிக்கிற இடத்தில் இருக்கை. பிடிக்கக் கம்பி. அந்தக் கணவருக்கும் ஏதோ வருத்தம் இருந்திருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

இவர் சில்லெல்லாம் பார்த்தார். சாரதி சீற்றுக்குக் கிட்டப் போய் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ஏறி இருக்கவில்லை. பிறகு கேட்டார், இந்தக் கிழமையின் முதல் கேள்வி:

"ஆர் ஓட்டுறது?"

"நான்."

பெடல் எட்டுமா என்பதுபோலக் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவு பாரமான வீட்டுக் கோச்சுக்கு லொறி லைசன்ஸ் வேண்டும், அதற்கு எப்போதோ விண்ணப்பித்தாயிற்று. தியரிப் பரீட்சை போன மாதமே பாஸ். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போய் எழுதியது. நாதன் அண்ணைக்கு மட்டும் தெரியும்.

திரும்பி வரும் வழி முழுக்க இவர் ஜன்னல் பக்கம். கோபமா? தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

மாற்றுச் சப்பாத்து / தண்ணீர்ப் போத்தல் / கண்ணாடி (கிட்டப் பார்க்கிறது வேண்டாம், தூரப் பார்க்கிறது).

லொறிப் பழக்கம் முதல் நாள். பழக்குகிறவர் செல்வம், மதுரைக்காரர், என்னைவிட வயது குறைவு. ஏணி மாதிரிப் படி. மேலே இருந்து பார்த்தால் கார்கள் எல்லாம் தீப்பெட்டி. முதல் இடப்பக்கத் திருப்பத்திலேயே பின்சில்லு நடைபாதையில் ஏறிவிட்டது.

"அக்கா, முன்னாடி நீங்க திரும்பிட்டீங்க. பின்னாடி இருக்கறது இன்னும் திரும்பல. அதுக்கு நேரம் குடுங்க."

"ஏலாது போலக் கிடக்கு, தம்பி."

"ஆமா, இன்னைக்கு முடியாது. அடுத்த வாரம் முடியும். கண்ணாடியப் பாருங்க."

டூட்டிங் தமிழ்க் கடைக்குப் போய் வந்தேன். புட்டு மா, கத்தரிக்காய், இவருக்குப் பிடித்த பனங்கட்டி. பனங்கட்டியை வைத்துக்கொண்டு எல்லாம் சொன்னேன், நடைபாதை, செல்வம், தீப்பெட்டி. பனங்கட்டியைக் கடித்தார். கேட்டார். கேட்டதோடு சரி.

ஏப்ரல் 13, ஞாயிறு

கென்ற் கோச்சை வாங்கியாயிற்று. நாதன் அண்ணை ஓட்டி வந்து பஸ்ஸுக்குப் பக்கத்தில் விட்டார். பஸ் அதன் அருகில் குட்டிபோல.

சாமான் மாற்றல்.
போவது: புட்டுப் பானை, மிக்ஸி, இவருடைய குறடும் சுத்தியலும் கிடக்கிற ஆயுதப் பெட்டி, சாமிப் படம் இரண்டு, கம்பளிகள்.
வேண்டாம்: மடக்குக் கதிரை, ஓட்டைச் சட்டி, பழைய வரைபடங்கள்.

வரைபடங்களை இவர் குப்பையிலிருந்து எடுத்து வைத்தார். நான் பார்க்காததுபோல இருந்தேன்.

புதுக் கட்டிலில் முதல் நித்திரை. நல்ல அகலம். அகலம் கூடிப்போயிற்று. பஸ்ஸில் திரும்பிப் படுத்தால் இவருடைய முழங்கை படும்.

ஏப்ரல் 26, சனி

பஸ் போய்விட்டது. லெஸ்டரிலிருந்து ஒரு இளம் சோடி வந்து வாங்கியது. பெண் தமிழ்ப் பிள்ளை, பெடியன் வெள்ளை. இவர் மூன்று நாளாகத் துடைத்து வைத்திருந்தார். கூரை ஒழுக்கும் அடைத்தாயிற்று, நாதன் அண்ணையை ஏணியில் ஏற்றி, கீழே நின்று கை காட்டி.

"அங்கிள், வீ'ல் லுக் ஆஃப்டர் ஹர், ப்ராமிஸ்," என்றது பிள்ளை. இவர் அதன் தலையில் கை வைத்தார். கை நடுங்கியது. பிள்ளை அசையாமல் நின்றது, நல்ல பிள்ளை.

பஸ் வெளிக்கிட்டபோது இவர் அங்கே இல்லை. கோச்சின் அடியில் சாமான் அறையைத் திறந்து எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் கேற்றடியில் நின்று கை காட்டினேன். அது திரும்பி மறைந்த பிறகும் அந்தப் பழைய இன்ஜின் இரைச்சல் கொஞ்ச நேரம் கேட்டது.

ஏப்ரல் 30, புதன்

டெஸ்ட். பெயில்.

பின்னுக்கு எடுத்தது சரி. ரோட்டில், ஒரு சைக்கிள்காரனுக்குக் கிட்டப் போய்விட்டேன். பரீட்சகர் "பிரேக்" என்று கத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நடந்திருக்கும். செல்வம் திரும்பி வரும் வழியில் பேச்சை மாற்றினார், தன் மகளுக்கு நீச்சல் வகுப்பாம்.

கோச்சுக்கு வந்தால் இவர் தேத்தண்ணீர் போட்டு வைத்திருக்கிறார். பாதி மேசையில், பாதி கோப்பையில். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். குடித்தேன். ஏதாவது சொல்லமாட்டாரா என்று இருந்தது. திட்டினாலும் போதும்.

மே 4, ஞாயிறு

வெம்பிளி மச்சாள் ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தார். கோச்சைச் சுற்றிப் பார்த்தார். நல்லது என்றார், மனமில்லாமல். இவர் வெளியே போனதும்:

"அண்ணி, குறை நினையாதேங்கோ. உது அண்ணாவுக்கோ, உங்களுக்கோ?"

"அவருக்குத்தான்."

"அவர் கேட்டவரோ?"

கறி நன்றாக இருந்தது. சரியாகச் சாப்பிட முடியவில்லை.

மச்சாள் போனதும் கராஜ் வாசலுக்குப் போய் இவரிடம் நேராகக் கேட்டேன். "உங்களுக்கு உது வேணுமோ? வேண்டாமெண்டால் சொல்லுங்கோ. பிளாற் பாப்பம்." வாய் திறந்தார். நீளமாக ஏதோ சொன்னார், நாலைந்து வசனம் இருக்கும். அந்த நேரம் பார்த்து உள்ளே நாதன் அண்ணை காற்றடிக்கிற கொம்பிரசரைப் போட்டார். ஒரு சொல் கேட்கவில்லை.

"என்ன? திருப்பிச் சொல்லுங்கோ."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மே 6, செவ்வாய்

குரல் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு சின்னக் கருவியை மேசையில் வைத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். இவர் படித்தார். சத்தமாகத்தான் படித்ததாக இவருக்கு நினைப்பு. கருவியின் ஊசி கொஞ்சம்தான் அசைந்தது. இந்த வியாதியில் அப்படித்தானாம். தங்கள் குரல் இறங்கியது அவர்களுக்குத் தெரியாதாம்.

ட்ராமில் பக்கத்தில் இருந்து யோசித்தேன். இந்த மூன்று நான்கு மாதத்தில் எத்தனை தரம் சொல்லியிருப்பார். நான் கேத்திலைப் போட்டுக்கொண்டு, தண்ணீரைத் திறந்துகொண்டு. பதில் வராததால் அவரும் விட்டிருப்பார்.

எல்லாம் அப்படி இல்லை. சும்மா இருந்ததும் உண்டு, எனக்குத் தெரியும். எது எவ்வளவு என்றுதான் தெரியாது.

மே 14, புதன்

வெயில். டெஸ்ட். பாஸ்.

செல்வம் கை கொடுத்தார். "சொன்னேன்ல அக்கா." இவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும். பிறகு வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தால் ஆயுதப் பெட்டியைத் திறந்து வைத்து, சாரதி சீற்றை என் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு திருகாணியைத் திருக எவ்வளவு நேரம். நான் உதவிக்குப் போகவில்லை. வெளியே நின்று வெங்காயம் உரித்தேன்.

மே 17, சனி

ஈஸ்ற்போர்ண் பக்கம் ஒரு பண்ணையில் நிற்கிறோம். கடல் தெரிகிறது. கை இன்னும் ஸ்ரியரிங் பிடித்ததுபோலவே வளைந்து இருக்கிறது. ஒழுங்காக எழுதுகிறேன்.

காலையில் புறப்பட்டோம். நாதன் அண்ணை முற்றத்தின் வாசலில் நின்று பார்த்துப் பார்த்து விட்டார். இவர் பக்கத்துச் சீற்றில், பட்டி போட்டு, தடி கையில். பேர்லி தாண்டும்வரை நான் மூச்சே விடவில்லை. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், எவ்வளவு அமைதி. பஸ்ஸில் இன்ஜின் முன்னால், எங்கள் காலடியில், கத்திக்கொண்டே இருக்கும். கோச்சில் அது பன்னிரண்டு மீற்றர் பின்னால். முன்னுக்கு ஒரு சத்தமும் இல்லை. இதை யோசித்து நான் வாங்கவில்லை.

ஈஸ்ற் கிரின்ஸ்ரெட்டுக்குக் கிட்ட இவர் தொடங்கினார். கடதாசி உரசுவதுபோல ஒரு குரல். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அந்த லைசன்ஸைத் தபாலிலை போட்ட அண்டைக்கு நான் நேரை வீட்டை வரேல்லை, கௌரி. ட்ராமிலை ஏறினனான். முன்னுக்கு, சாரதிக்குப் பின்னாலை இருந்து..."

அந்த நேரம் ரவுண்டபவுட். நாலு பக்கமும் வாகனம்.

"ஐயோ, கொஞ்சம் பேசாமல் இருங்கோ."

என் வாயால்தான் சொன்னேன். மாதக்கணக்காகக் காத்திருந்தவள். இவர் "ஓம்" என்றுவிட்டு வாயை மூடினார். சுற்றி வந்து, முதல் கிடைத்த ரோட்டோர ஒதுக்கில் நிறுத்தினேன். பிரேக்கைப் போட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பினேன்.

"இப்ப சொல்லுங்கோ."

முகத்தைப் பார்த்தார். வரவில்லை. எனக்கு விளங்கியது. பார்த்துக்கொண்டிருந்தால் இவருக்கு வராது. திரும்ப ஸ்ராட் செய்தேன். கொஞ்சத் தூரம் போனதும் தானாக வந்தது. ட்ராமில் விம்பிள்டன் போய், இறங்காமலே திரும்பி, திரும்பவும் போனாராம். சாரதி ஒவ்வொரு தரிப்பிலும் பிரேக் போடும்போது தன்னுடைய காலும் அமத்தினதாம். பக்கத்தில் இருந்த பொம்பிளை பார்த்துச் சிரித்தாளாம். அதற்குப் பிறகு தனக்கு ரோட்டையே பார்க்கப் பிடிக்கவில்லையாம்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன். எங்கிருந்து வந்ததோ, சொல்லிவிட்டேன்:

"எனக்குப் பயமாக் கிடக்கு. இனி நீங்கள் எப்பிடி ஆவியளோ எண்டு."

இவரைப் பார்த்து ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் விலத்திப் பிடி."

கடல் தெரியத் தொடங்கியபோது கேட்டேன். "அண்டைக்குக் கராஜடியிலை என்ன சொன்னனீங்கள்? கொம்பிரசர் போடேக்கை."

"எண்டைக்கு?"

"மச்சாள் வந்த அண்டைக்கு."

"ஞாபகம் இல்லை."

உண்மையாக இருக்கலாம். போகட்டும். போகட்டும் என்று எழுதுகிறேன், மனம் விடவில்லை.

மே 18, ஞாயிறு

காற்று. கடல் சாம்பல் நிறம். பாண், சம்பல், முட்டை. தண்ணீர்த் தாங்கி நிரப்ப வேண்டும், பண்ணைக்காரரிடம் குழாய் கேட்க வேண்டும். நாளைக்கு மத்தியான ஷிப்ட், விடிய வெளிக்கிட வேண்டும்.

இவர் தடியோடு தானே இறங்கி, புல்லில் வேலிவரை நடந்து போய் நிற்கிறார். நான் மேசையில். இப்போது திரும்பி என்னைப் பார்த்து ஏதோ சொல்கிறார். வாய் அசைகிறது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. கை காட்டவில்லை, கூப்பிடவும் இல்லை, சும்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இறங்கிப் போய்க் கேட்கிறேன்.