மூன்றாவது பேட்டரி

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சின்னவர் நன்றாக இருக்கிறார். காலையில் ஒரு முட்டையில் பாதியைச் சாப்பிட்டு, மீதியைத் தரைக்கு ஊட்டினார். இப்போது என் செருப்பை வாளித் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தின் நடுவில் எங்காவது உங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டால், மேற்கொண்டு படிக்காமல் இந்த வரிக்குத் திரும்பி வந்துவிடுங்கள். சின்னவர் நன்றாக இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்டால், "லேசா சளி, ஆஸ்பத்திரியில காட்டினோம், இப்ப சரியாப் போச்சு" என்று அண்ணன் சொல்வான். என்னையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கிறான். அணை வேலை நடக்கிற இடத்தில், அலுவலக மேஜையில் இருக்கும் ஒரே போனில், பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்க, இதைக் கேட்டால் நீங்கள் பாவம் என்ன செய்வீர்கள் என்பது அவன் கவலை. அவன் எண்ணம் நல்லதுதான். ஆனால் தப்பு செய்தவள் நான். அதனால் உங்கள் இடத்துக்குச் சாமான் ஏற்றிவரும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் குதிப்பான், குதிக்கட்டும்.

நீங்கள் பிறந்தநாளுக்கு அனுப்பிய வண்டி இருக்கிறதே, அந்தக் கார்ட்டூன் படத்தில் வரும் நீல நிற மீட்பு வண்டி, வில்லங்கம் அதில்தான் ஆரம்பித்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. அவர் அந்தப் படத்தை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பார், வண்டியைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறார். அதன் தலையில் தட்டினால் கண்ணைச் சிமிட்டிவிட்டு, சைரன் ஊதி, "வழி விடுங்க! வழி விடுங்க!" என்று கத்தும். அவர் வாயில் அது "வயிவிடு". வண்டிக்குப் பெயரே அதுதான் இப்போது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு மணிக்கு அண்ணன் லிப்ட் வேலை முடிந்து வந்ததும் சின்னவரை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, நான் உள் அறையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பஸ் டிக்கெட் கிடைக்காதவர்கள், கிடைத்தும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லோரும் ஆறு மணி வரை என்னைத் திட்டுவார்கள். கதவைச் சாத்தினாலும் வயிவிடுவின் குரல் உள்ளே வந்துவிடும். போன வாரம் ஒருவர், "ஏம்மா, ஆம்புலன்ஸ் வருது போலிருக்கே, முதல்ல அதுக்கு வழி விடுங்க, நான் அப்புறமாக் கூப்பிடுறேன்" என்று போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் இந்த அழைப்புகளைப் பதிவு செய்து கேட்கும் மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். மூன்றாவது தடவை வேலை இல்லை என்றார்.

புதன்கிழமை காலை, சின்னவர் தூங்கும்போது, அண்ணன் பெட்டியிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வண்டியின் அடிவயிற்றைத் திறந்தேன். சட்டைப் பொத்தான் அளவில் உருண்டையாக மூன்று பேட்டரி. எடுத்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடினேன். மூடியைத் திரும்ப அழுத்தி வைத்தேனே தவிர, ஸ்க்ரூ எங்கே உருண்டு போனதென்று தேடவில்லை. அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அவனிடம் சொன்னால், "குழந்தை பொம்மையில கை வைக்காதே, உன் ரூம் கதவுக்கு ரப்பர் அடிச்சுத் தர்றேன்" என்பான். ரப்பர் வருவதற்குள் என் வேலை போய்விடும்.

சின்னவர் எழுந்து வண்டியின் தலையில் தட்டோ தட்டு என்று தட்டினார். முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது. "வண்டிக்குத் தொண்டை கட்டிப்போச்சுடா கண்ணு. ரெண்டு நாளைக்குப் பேசக்கூடாது" என்றேன். அவர் நம்பிவிட்டார். வண்டியின் கழுத்தில் என் கைக்குட்டையைச் சுற்றச் சொன்னார். வண்டிக்குக் கழுத்து எது என்று அவருக்கும் எனக்கும் கொஞ்சம் தகராறு.

மத்தியானம் இரண்டேகாலுக்கு எனக்குப் பதினைந்து நிமிஷ இடைவேளை. டைமரை அழுத்திப் பையில் போட்டுக்கொண்டு தேநீர் போட வெளியே வந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. வண்டி தலைகுப்புறக் கிடக்கிறது, அடிமூடி தனியாக, குழி காலியாக.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா படியேறி ஓடி வந்தார்கள். "உங்க அண்ணன் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடினார்மா. பேட்டரியை முழுங்கிட்டானாம். உன் கதவை அந்தத் தட்டு தட்டினாராமே, உனக்குக் கேக்கலையா?" என்றார்கள். பஸ்ஸைத் தவறவிட்ட ஒருவர் காதுக்குள் கத்திய கத்தலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அண்ணி, உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது. பேட்டரிதான் என்னிடம் இருக்கிறதே! போனை எடுத்தேன், அண்ணனுடையது கூடத்து அலமாரி மேலேயே மணியடித்தது. சரி, கையோடு பேட்டரிகளையே காட்டிவிடலாம் என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன்.

இரண்டுதான் இருந்தன.

கூட்டைக் கவிழ்த்தேன், துணியை உதறினேன், கட்டிலுக்கடியில் படுத்துத் துழாவினேன். இரண்டேதான். மூன்று எடுத்தேன் என்பது மட்டும் நிச்சயம். அப்படியானால் மூன்றாவது என் கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது, தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் பிள்ளை அதை எடுத்திருக்கிறான். அந்தக் கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்பு போட்டேனா என்று கேட்காதீர்கள். வழியெல்லாம் உங்கள் முகம்தான் எதிரே வந்தது. பஸ் ஏறும்போது, "ஒரு வருஷம்தான், பார்த்துக்கோம்மா" என்றீர்களே, அந்த முகம்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், பிள்ளை மடியில். படம் எடுத்தாயிற்று, டாக்டர் பார்க்க வேண்டும் என்றான். பதினாலு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன், பிள்ளையின் சட்டையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னான். மூடி கையோடு வந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை, "பேட்டரி எங்கடா?" என்று கேட்டால், பிள்ளை வாயை ஆவென்று திறந்து தொண்டையைக் காட்டுகிறான். மறுபடி கேட்டாலும் தொண்டைதான். அதற்குமேல் எந்த அப்பன் உட்கார்ந்திருப்பான்?

நான் கூட்டைத் திறந்து காட்டினேன். "நான்தாண்ணா எடுத்தேன். மூணு எடுத்தேன். ரெண்டுதான் இருக்கு" என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. இரண்டையும் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

அப்போது என் பையில் டைமர் கத்தியது. இடைவேளை முடிந்துவிட்டதாம். அந்த இடத்தில் அந்தச் சத்தம்! நிறுத்துவதற்காக வெளியே எடுத்தேன். எடுத்ததும்தான் உறைத்தது. ஒரு மாதமாகப் பேட்டரி இல்லாமல் முடங்கிக் கிடந்த டைமர் அது. காலையில், பால் பொங்குவதற்கு முந்தின நிமிஷம், மூன்றில் ஒன்றை எடுத்து அதில் போட்டவள் நானேதான். கை பாட்டுக்குச் செய்த வேலை, புத்திக்குச் சொல்லவே இல்லை. பின்பக்கத்தைத் திறந்து அண்ணன் உள்ளங்கையில் தட்டினேன். விழுந்தது. அவன் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தைபோல எண்ணினான். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சின்னவர் இறங்கி வந்து என் தலையில் தட்டிப் பார்த்தார். நானும் சைரன் ஊதுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

டாக்டரம்மா படத்தோடு வந்து, "தொண்டை, வயிறு எல்லாம் சுத்தமா இருக்கு" என்றார். பிறகும் சந்தேகத்துக்கு, "எங்கே வலிக்குது ராஜா?" என்று கேட்டார். இவர் தொண்டையைக் காட்டினார். "யாருக்கு வலிக்குது?" என்றார் டாக்டரம்மா. "வயிவிடுக்கு" என்றார் சின்னவர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. எங்கள் யாருக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரித்து முடித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தச் சின்னப் பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும், அண்ணன் யோசிக்காமல் ஓடிவந்ததுதான் சரி என்றார். கூட்டில் போட்டதும் தப்பு, ஸ்க்ரூ இல்லாமல் மூடியதும் தப்பு என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்றேன்.

வேலை போகவில்லை. நடுவில் எழுந்து போனதற்கு மேற்பார்வையாளர் கூப்பிட்டார், நடந்ததைச் சொன்னேன். "எங்க வீட்டுலயும் ரெண்டு இருக்குதுங்க, அதுக பொம்மை மூடியெல்லாம் இன்னைக்கே பார்க்கணும்" என்றார். அண்ணன் வயிவிடுவுக்கு நீளமான ஸ்க்ரூவாகப் போட்டு முறுக்கி, குரல் வரும் ஓட்டையில் பஞ்சு வைத்து அடைத்துவிட்டான். இப்போது அது ரகசியம் பேசுகிறது. சின்னவர் காதோரம் வைத்துக் கேட்கிறார். தொண்டை சரியாகிவிட்டதாம், ஆனால் இன்னும் முழுசாக இல்லையாம்.

ஒரு விஷயம் பாக்கி. நீங்கள் போகும்போது பக்கத்துத் தெருக் குழந்தைகள் காப்பகத்தில் விடலாமா என்று கேட்டீர்கள். நான் இருக்கும்போது எதற்கு என்று முறுக்கிக்கொண்டேன். இப்போது அந்த முறுக்கெல்லாம் போய்விட்டது. அங்கே விடுங்கள் என்று நீங்கள் சொன்னால், நானே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டு வருவேன். கோபப்பட மாட்டேன். ராத்திரி அழுவேன், அது வேறு.

ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த ஐந்து வருஷத்தில் நீங்கள் என்னைத் திட்டியதே இல்லை. உங்கள் நல்ல புடவையை இஸ்திரி போட்டு ஓட்டையாக்கினேன், "பரவாயில்லைம்மா" என்றீர்கள். வீட்டுச் சாவியைத் தொலைத்தேன், அதற்கும் பரவாயில்லை. உங்கள் தங்கை ஒருநாள் அடுப்பை அணைக்காமல் வெளியே போனதற்கு, "கழுதை, உனக்கு மூளை இருக்கா" என்று போனில் அரை மணி நேரம் நீங்கள் வெளுத்து வாங்கியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அன்று அவள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணி. இதற்கும் பரவாயில்லை என்று எழுதிவிடாதீர்கள். அதை என்னால் தாங்க முடியாது. நான்கு பக்கம் திட்டி எழுதுங்கள். கழுதை என்றே ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் திட்டுக்குக் காத்திருக்கும்,
சின்னவரின் அத்தை